மைக்கேல் ஜாக்சன்: திட்டக் கூடாததும் கேட்க வேண்டியதும்

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் இசை விமர்சகன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் மும்பைக்கு மாற்றலாகி வந்து, செம்பூரிலேயே தங்கிப்போன திருநெல்வேலிக்காரன். கடன், வட்டி, வாராக்கடன் என்று பேசத்தான் வரும். மூன்வாக் எப்படி ஆடுவது என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் இப்போதே ஜூட் விடலாம் :-)

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் ஜூன் 25 வந்தால் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சண்டை நிச்சயம். தாராவி சித்தப்பா மகன் தொப்பியும் பளபளக்கும் கையுறையுமாக மைக்கேல் ஜாக்சன் படத்தைப் போட்டு 'கடவுள்' என்பான். மாட்டுங்கா அத்தை உடனே, 'கறுப்பாப் பொறந்து வெள்ளையாச் செத்த மனுஷன்லா' என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு வருவாள். துபாய் மச்சான், 'அந்தச் சின்னப் பையங்க கேஸ் என்னாச்சு?' என்பார். 'அதான் கோர்ட்டே விட்டுருச்சே' என்பான் தாராவி. கடைசியில் பெரியப்பா வந்து, 'செத்தவங்களப் பத்தி ஏம்டே பேசுதிய' என்று முடித்து வைப்பார். மறுநாள் காலை வழக்கம்போல ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும்.

இந்தப் பேச்சில் உருப்படியானது ஒன்றே ஒன்றுதான். துபாய் மச்சான் கேட்ட கேள்வி. அதற்கு மட்டும்தான் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. எங்கள் குடும்பம் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். 2009-ல் ஊரே இப்படித்தான் பேசியது. அந்த மனிதரிடம் எதைத் திட்டவே கூடாதோ அதைத் திட்டித் தீர்த்தோம். எதைக் கேட்டே ஆக வேண்டுமோ அதைத் தள்ளுபடி செய்துவிட்டோம். இந்தப் பழக்கம் ஜாக்சனோடு நின்றிருந்தால் நான் எழுதவே வந்திருக்க மாட்டேன். நம் வீட்டுக்குள்ளும் இதையேதான் செய்கிறோம். அதுதான் என் சண்டை.

2009-ல் நடந்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூன் 25 மத்தியானம் 2.26-க்கு அவர் இறந்ததாக அறிவித்தார்கள். இங்கே வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்று மணி. உலகமே ஒரே நேரத்தில் அவர் பெயரைத் தேடியதில், ஏதோ கணினித் தாக்குதல் என்று கூகுளே கொஞ்ச நேரம் பயந்துபோனது. ஜூலை 7-ஆம் தேதி ஸ்டேபிள்ஸ் சென்டரில் நடந்த அஞ்சலியைக் கோடிக்கணக்கானவர்கள் டிவியில் பார்த்தார்கள். ஒரு பக்கம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மௌன அஞ்சலி. இன்னொரு பக்கம் பீட்டர் கிங் என்ற நியூயார்க் உறுப்பினர் காமிரா முன்னால் நின்று, இந்த வக்கிரம் பிடித்தவனுக்கு இத்தனை புகழாரமா என்று பொரிந்து தள்ளினார். நடுவில் நின்று, 'தெரிந்தது எது, தெரியாதது எது' என்று நிதானமாகக் கேட்டவர்கள் குரல் எடுபடவில்லை.

மும்பையில் என்ன நடந்தது? ஹார்பர் லைன் ரயிலில் அன்று காலை நான் கேட்ட ஜோக்குகள் எல்லாமே தோல் நிறத்தைப் பற்றி. டிவியைத் திறந்தால் 1996 நவம்பர் 1, அந்தேரி விளையாட்டு வளாகம். விமான நிலையத்தில் திலகமிட்டு ஆரத்தி எடுத்தது, மாதோஸ்ரீக்குப் போய் பால் தாக்கரேயைப் பார்த்தது, அங்கே கழிப்பறையைப் பயன்படுத்தியதைத் தாக்கரே பெருமையாகச் சொன்னது என்று ஒரே மலரும் நினைவுகள்.

அந்தக் கச்சேரியின் கணக்கு மட்டும் எந்த அஞ்சலியிலும் என் கண்ணில் படவில்லை. வங்கிக்காரனுக்கு அதுதானே உறுத்தும்? அப்போது சிவசேனா-பாஜக ஆட்சி. ராஜ் தாக்கரே தலைமையில் இருந்த சிவ் உத்யோக் சேனா என்ற அமைப்புக்கு, வேலையில்லாத இளைஞர்கள் பெயரைச் சொல்லி நடத்திய கச்சேரி அது. தர்ம காரியம் என்று அரசாங்கம் கேளிக்கை வரியைத் தள்ளுபடி செய்தது. சுமார் 3.3 கோடி ரூபாய். மும்பை கிராஹக் பஞ்சாயத்து என்ற நுகர்வோர் அமைப்பு விடாமல் கோர்ட்டுக்குப் போனது. உயர்நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்து மறுபடி யோசிக்கச் சொன்னது. கடைசியில் 2021 ஜனவரியில், உத்தவ் தாக்கரே முதல்வராக இருந்தபோது, மந்திரிசபை திரும்பவும் தள்ளுபடி கொடுத்தது. அந்தேரியில் ஆடியவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. சாதாரண ஆள் வீட்டுக்கடனில் ஒரு தவணை தவறினால் நாங்கள் எத்தனை முறை போன் செய்வோம் என்று வாசகர்களுக்குத் தெரியும்!

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய கூத்து ஒன்று உண்டு. 1960-களின் கடைசியில் லுங்கிக்காரனை விரட்டு என்று மதராசிகள் மேல் பாய்ந்து வளர்ந்த கட்சி அது. பிற்பாடு காதலர் தின வாழ்த்து அட்டை விற்ற கடைகளை உடைத்துக் கலாச்சாரம் காத்த கட்சியும் அதுதான். அப்பேர்ப்பட்ட காவலர்கள் 1996-ல் ஜாக்சனுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். 1993-லேயே அவர் மேல் ஒரு சிறுவனிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார் வந்து உலகம் முழுக்கச் செய்தியாகி இருந்தது. அதைப் பற்றி அந்தக் காவலர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பெரிய ஆள் வந்தால் வரியும் தள்ளுபடி, கேள்வியும் தள்ளுபடி.

சரி, முதலில் திட்டக் கூடாததைப் பார்ப்போம்.

'வெள்ளைக்காரனாக ஆசைப்பட்டுத் தோலை மாற்றிக்கொண்டான்.' இதை எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லியிருப்போம்? ஜாக்சனே 1993 பிப்ரவரியில் ஓப்ரா வின்ஃப்ரேக்குக் கொடுத்த பேட்டியில் தனக்குத் தோல் நோய் இருப்பதாக உலகத்துக்கே சொன்னார். பெரும்பாலானோர் நம்பவில்லை. 2009-ல் பிரேதப் பரிசோதனை அதை உறுதி செய்தது. அவருக்கு விட்டிலிகோ இருந்தது. தமிழில் வெண்புள்ளி. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை உடம்பே அழித்துக்கொள்ளும் நோய். தொற்றாது, உயிருக்கு ஆபத்தில்லை. உலகத்தில் நூறு பேரில் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கிறது. முதலில் திட்டுத் திட்டாக வரும். ஒப்பனையால் மறைப்பார்கள். உடம்பில் பெரும்பகுதி வெளுத்துவிட்டால், மிச்சமிருக்கும் நிறத்தையும் களிம்பு போட்டு எடுத்து ஒரே சீராக்குவது உண்டு. அதுவும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட சிகிச்சைதான். அப்படிப்பட்ட களிம்பு அவர் வீட்டில் இருந்தது மரண விசாரணையில் பதிவாகி இருக்கிறது. மூக்கை மாற்றிக்கொண்டது வேறு விஷயம். அது அவர் மூக்கு, அவர் காசு.

இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் யார் என்று பாருங்கள். ஃபேர் அண்ட் லவ்லியை 1975-ல் கண்டுபிடித்துக் கொடுத்ததே இந்த ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனிதான். நாற்பத்தைந்து வருஷம் விற்றுவிட்டு, 2020-ல்தான் 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்து 'க்ளோ' என்று மாற்றினார்கள். அந்த ட்யூபைப் பிதுக்கிக்கொண்டே, 'கறுப்பன் வெள்ளையாக ஆசைப்பட்டான்' என்று சிரிக்க நமக்கு எப்படித்தான் வாய் வந்ததோ! வெள்ளையாக ஆசைப்படுவது குற்றம் என்றால் நம் கல்யாண விளம்பரங்களை எல்லாம் ஜெயிலில் போட வேண்டும்.

இது வெறும் ஜோக் என்று விட முடியாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் கவுன்ட்டரில் இருந்த அம்மாவுக்கு இரண்டு கையிலும் வெண்புள்ளி. அவர் வரிசையில் நாலு பேர் நிற்கும்போது பக்கத்து வரிசையில் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். கையிலிருந்து நோட்டை வாங்கினால் ஒட்டிக்கொள்ளுமாம். வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வருவார். அவர் மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள் என்று சொல்லி அழுதிருக்கிறார். நம் பெரியவர்கள் இன்றைக்கும் இதை 'வெண்குஷ்டம்' என்கிறார்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. குஷ்டமே இன்று மாத்திரையில் குணமாகிற நோய். அதனால்தான் 2019-ல் அதை விவாகரத்துக்கான காரணப் பட்டியலிலிருந்து சட்டத்திலேயே தூக்கிவிட்டார்கள்.

2011-லிருந்து உலக வெண்புள்ளி தினம் கொண்டாடுகிறார்கள். தேதி என்ன தெரியுமா? ஜூன் 25. ஜாக்சன் இறந்த நாளையேதான் தேர்ந்தெடுத்தார்கள். மாட்டுங்கா அத்தைமார்கள் சிரிப்புப் பொம்மை போடும் அதே நாளில், அந்த நோய் உள்ளவர்கள் தைரியமாக வெளியே வருகிறார்கள். அத்தை, உங்களுக்குத்தான் இது. அடுத்த வருஷம் அந்தப் பொம்மை வேண்டாம்.

இனி கேட்க வேண்டியது. இங்கேதான் தாராவித் தம்பிகள் என்னை அடிக்க வருவார்கள். வாங்க, உட்கார்ந்து பேசுவோம்.

தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 1993-ல் பதின்மூன்று வயதுப் பையன் தரப்பில் புகார். 1994 ஜனவரியில் சிவில் வழக்கு சமரசமானது. இரண்டு கோடி டாலருக்கு மேல் கொடுத்ததாகச் செய்தி. ஜாக்சன் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை, கிரிமினல் வழக்கும் பதிவாகவில்லை. 2003-ல் மார்ட்டின் பஷீர் எடுத்த டிவி படத்தில், பையன்களோடு ஒரே படுக்கையைப் பகிர்ந்துகொள்வதில் என்ன தப்பு என்று ஜாக்சனே கேட்டார். அதன் பிறகு இன்னொரு பையன் தரப்பில் புகார். 2005 ஜூன் 13-ஆம் தேதி, எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். 2019-ல் 'லீவிங் நெவர்லேண்ட்' படத்தில் வேட் ராப்சன், ஜேம்ஸ் சேஃப்சக் என்ற இருவர் தங்கள் சின்ன வயதில் நடந்ததாகச் சொன்னவை வெளிவந்தன. இதில் ராப்சன் 2005 வழக்கில் ஜாக்சனுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவர். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று ரசிகர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஜாக்சனின் கம்பெனிகள் மேல் இருவரும் போட்ட வழக்குகளைக் கீழ்க் கோர்ட் தள்ளிவிட, 2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை நடத்தலாம் என்று உத்தரவிட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சமரசம் செய்தார், அதனால் குற்றவாளி என்று ஒரு கட்சி. விடுதலையானார், அதனால் அப்பழுக்கில்லாதவர் என்று இன்னொரு கட்சி. இரண்டுமே சப்பைக்கட்டு. சமரசத்தில் உண்மை வெளியே வராது, பணம் கைமாறும், அவ்வளவுதான். விடுதலை என்றால், அந்த வழக்கில் அந்தக் குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணம் ஆகவில்லை என்று பொருள். அதை நாம் மதித்தே ஆக வேண்டும். ஆனால் வேறு ஆட்கள் வேறு வருஷத்தில் நடந்ததாகச் சொல்வதற்கு அந்தத் தீர்ப்பு பதில் ஆகாது. முதலில் அவர்கள் சொல்வதை யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இங்கே பெரியப்பா குறுக்கே வருவார். 'செத்தவங்களப் பத்தி ஏம்டே...'

பெரியப்பா, உங்களுக்கு என் தொழில் பாஷையில் சொல்கிறேன். கடன் வாங்கியவர் இறந்தால் வங்கியில் என்ன செய்வோம்? கணக்கைக் கிழித்துப் போட்டுவிடுவோமா? வாரிசுக்கு எவ்வளவு சொத்து வந்ததோ அந்த அளவுக்குக் கடனும் கூடவே வரும். சட்டம் அப்படி. சொத்து மட்டும் எனக்கு, கடன் அப்பாவின் சாம்பலோடு போகட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. புத்தகத்தில் ரைட்-ஆஃப் செய்தாலும் வசூல் உரிமை போகாது.

ஜாக்சன் இறந்தபோது 50 கோடி டாலருக்கு மேல் கடன் இருந்ததாக அவர் சொத்துக்களை நிர்வகிப்பவர்களே கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். அது போன இடம் தெரியவில்லை. 2009 அக்டோபரிலேயே அவர் ஒத்திகைகளை வைத்து 'திஸ் இஸ் இட்' படம் வந்தது. பாட்டு உரிமை, மேடை நாடகம் என்று செத்த பிறகும் காசு கொட்டுகிறது. நல்லது, பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் புகழும் பணமும் செத்த பிறகும் தொடரலாம், புகார் மட்டும் அன்றோடு செத்துவிட வேண்டும் என்பது என்ன கணக்கு? வரவுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செலவுப் பக்கத்தை மட்டும் மூடும் லெட்ஜரை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

'எங்கோ அமெரிக்காவில் நடந்ததற்கு நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?' சரி, கொலாபாவுக்கு வாருங்கள். அங்கரேஜ் என்ற பெயரில் தெருப் பையன்களுக்கு இல்லம் நடத்தினார்கள் பிரிட்டிஷ்காரர் இருவர். சோறு, துணி, தங்க இடம். எவ்வளவு புண்ணிய காரியம்! பையன்கள் வாய் திறந்தபோது நம்ப ஆளில்லை. 2006-ல் செஷன்ஸ் கோர்ட் தண்டித்தது, 2008-ல் உயர்நீதிமன்றம் விடுவித்தது, 2011 மார்ச்சில் உச்சநீதிமன்றம் மறுபடி தண்டனையை உறுதி செய்தது. குழந்தைகளுக்கு நல்லது செய்பவர் தப்பு செய்ய மாட்டார் என்று நினைக்கிறோமே, அந்த நினைப்பு இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் சிலர் வருகிறார்கள்.

2007-ல் மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் ஓர் ஆய்வு வெளியிட்டது. பதின்மூன்று மாநிலங்களில், 12,447 குழந்தைகளிடம் கேட்டது. 53.22 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பாதிக்கு மேல் யார் தெரியுமா? பையன்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். 'பையன்தானே, அவனுக்கென்ன' என்று சொல்லும் அம்மா அப்பாக்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும். 2012 நவம்பர் 14-ல் போக்சோ சட்டம் அமலுக்கு வரும்வரை பையன்களுக்கென்று ஒழுங்கான சட்டப் பாதுகாப்பே இல்லை.

வெளியூரில் வந்து பிழைக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. கோபப்படாமல் கேளுங்கள். மராத்தியும் ஹிந்தியும் காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஊரில், தமிழ் பேசுகிறவர் கிடைத்துவிட்டால் நாம் உருகிவிடுகிறோம். 'நம்ம ஊர்க்காரர்' என்ற இரண்டு வார்த்தைக்கு நாம் எந்த அடமானமும் கேட்பதில்லை. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையனை யாரோடு தங்க வைக்கிறோம்? தொண்ணூறடி ரோடு பக்கம் டியூஷனுக்கு யாரிடம் அனுப்புகிறோம்? டான்ஸ் மாஸ்டர், பஜனை மாமா, கோவில் விழாவுக்கு வசூல் செய்யும் அண்ணாச்சி. ஐயாயிரம் ரூபாய் கடனுக்கு இரண்டு ஜாமீன் கேட்கும் உலகத்தில், பிள்ளையை மட்டும் ஜாமீன் இல்லாமல் கொடுத்துவிடுகிறோம்.

பெயரும் இடமும் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் எழுதச் சொல்லித்தான் எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், நம் மக்கள் நிறைய பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பெரியவர் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் மாலைகள் குவிந்தன. நூறு பிள்ளைகளை ஆளாக்கினார் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் முப்பது வயதுக்காரர் ஒருவர். அவர் அம்மாவிடம் மெதுவாக, 'எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு மாலை போட்டுருக்கலாம்லாம்மா' என்றார். அந்த அம்மா பதறிப்போய், 'செத்தவரப் பத்தி... வாய மூடுடா' என்றார்.

பிற்பாடு ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அவரே சொன்னார். பன்னிரண்டு வயதில் டியூஷனுக்குப் போக மாட்டேன் என்று அழுதிருக்கிறார். காரணத்தையும் தனக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்லியிருக்கிறார். அம்மா அறைந்திருக்கிறார். 'நம்ம ஊர்க்காரர்டா, உனக்குப் படிக்க வலிக்குது.' பீஸ் வாங்காமல் சொல்லிக்கொடுத்தவராம். உயிரோடு இருக்கும்போது, 'பெரிய மனுஷனப் பத்திப் பேசாத.' செத்த பிறகு, 'செத்தவரப் பத்திப் பேசாத.' பேசுவதற்கென்று அந்தப் பையனுக்கு எந்த நாளைத்தான் ஒதுக்கியிருக்கிறோம்?

அந்தப் பெரியவர் குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, 'என்னடா நடந்தது?' என்று முழுதாகக் கேட்க எந்தக் கோர்ட்டின் அனுமதியும் தேவையில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு இப்படி நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். 'குடும்ப மானம்' என்பது அந்தச் சட்டத்தில் விதிவிலக்கு இல்லை.

ஜாக்சன் விஷயத்திலும் இதே கதைதான். அவரை உண்மையாக நேசித்த யாராவது ஒருவர், 'ஐயா, ஊரார் பிள்ளைகளை உங்கள் படுக்கை அறையில் தங்க வைக்காதீர்கள்' என்று கறாராகச் சொல்லி நிறுத்தியிருந்தால் பிள்ளைகளுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. பெற்றவர்களே கண்ணை மூடிக்கொண்டார்கள், ஏனென்றால் அவர் பெரிய ஆள். மருந்து விஷயத்திலும் அப்படியே. லண்டனில் ஐம்பது கச்சேரிக்கு ஒப்பந்தம், தூக்கம் வரவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கப் பயன்படுத்தும் புரோபோஃபாலை வீட்டுப் படுக்கை அறையில் ஏற்றினார் டாக்டர் கான்ராட் மர்ரே. 2011 நவம்பரில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. முடியாது என்று சொல்ல ஆளில்லாத வீட்டில் பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை, வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பில்லை.

'அப்போ பாட்டே கேட்கக் கூடாதா அண்ணே?' கேளுங்கப்பா, யார் வேண்டாம் என்றது? வரவு வரவுதான். 1983-ல் எம்டிவியில் கறுப்பர்களுக்கு அடைத்துக் கிடந்த கதவை உடைத்தவர்களில் முதல் ஆள் அவர். நம்ம பிரபுதேவாவின் உடம்பு அப்படி ரப்பராக வளைந்ததற்கும் அவர் ஒரு காரணம். 1999-ல் ம்யூனிக் நகரில் ஜாக்சன் நடத்திய நிகழ்ச்சியில் ரஹ்மானும் பிரபுதேவாவும் ஷோபனாவும் மேடையேறியதில் எனக்கும் பெருமைதான். தாராவிச் சந்துக்குள் செருப்பில்லாத காலோடு பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போகும் பையனைப் பார்த்தால் நானும் நின்று பார்ப்பேன். அந்த ஆட்டத்தை யாரும் அவனிடமிருந்து பிடுங்க வேண்டாம். ஆனால் ஆட்டம் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆடியவரின் நடத்தைக்கு நற்சான்றிதழ் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாடிக்கையாளர் நன்றாகப் பாடுவார் என்பதற்காக நான் கடன் கணக்கைப் பார்க்காமல் விடுகிறேனா என்ன?

ஆகவே மக்களே, ஜாக்சன் என்றில்லை, இனி எந்தப் பெரிய ஆள் செத்தாலும் மூன்று காரியம் செய்வோம். ஒன்று, அவர் உடம்பைப் பற்றி, தோலைப் பற்றி, நோயைப் பற்றிச் சிரிக்க வேண்டாம். அதே நோயோடு நம் வீட்டிலேயே யாராவது மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு, 'கடவுள்' பட்டத்தையும் 'அரக்கன்' பட்டத்தையும் கொஞ்சம் ஆறப்போடுவோம். தெரிந்ததைத் தெரிந்தது என்றும் சந்தேகத்தைச் சந்தேகம் என்றும் தனித்தனிப் பத்தியில் எழுதிப் பழகுவோம். மூன்று, இதுதான் முக்கியம். 'எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும்' என்று ஒரு பிள்ளை, அல்லது பிள்ளையாக இருந்த ஒரு பெரியவர், வாய் திறந்தால் செத்தவரின் மரியாதையைக் கொண்டு அந்த வாயை அடைக்க வேண்டாம். செத்தவருக்கு இனி எதுவும் வலிக்காது. இவருக்கு இன்னும் வலிக்கிறது.

பின்குறிப்பு: குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098. எந்த நேரமும் கூப்பிடலாம். வீட்டு ஃபிரிட்ஜ் மேல் காஸ் கம்பெனி நம்பருக்குப் பக்கத்தில் இதையும் எழுதி ஒட்டிவிட்டு, எதற்காக ஒட்டியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். பையன்களுக்கும்தான்.